மணலுக்குள் ஓடிய ஆறு

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் பாலாறு, ஆம்பூரைத் தாண்டி மாதனூரை ஒட்டிக் கிழக்கே போகிறது. ஆண்டின் பெரும்பகுதி மேலே நீர் தெரியாது; ஓட்டமெல்லாம் மணலுக்குள்தான். முன்பெல்லாம் கையால் ஊற்றுத் தோண்டினால் குழியின் அடியில் தெளிந்த நீர் கசிந்து நிறையும். கரையோரக் கிணறுகள் அதை நம்பியே இருந்தன.

அந்த மணலைத்தான் கட்டுமானத் தொழிலும் விரும்பியது. கலவைக்கு ஒரு சலிப்பு, பூச்சுக்கு இன்னும் நைசாக ஒரு சலிப்பு. வேறு பக்குவம் தேவையில்லை. உள்ளூர் வீடுகளுக்கு மாட்டுவண்டியில் போன மணல், நகரங்களில் அடுக்குமாடிகள் பெருகியதும் லாரியேறியது. 2003-இல் மணல் குவாரிகளைத் தமிழ்நாடு அரசே ஏற்றது, அள்ளுவது நிற்கவில்லை. ஆற்றுப்படுகை தாழத் தாழக் கிணற்று நீரும் தாழ்ந்தது. மிஞ்சிய நீரையும் தோல் தொழிற்சாலைக் கழிவு கெடுத்திருந்தது.

அக்கழிவு பற்றிய வேலூர் வழக்கில்தான், 1996 ஆகஸ்ட் 28 அன்று, நீடித்த வளர்ச்சியை நாட்டின் சட்டக் கோட்பாடாக உச்ச நீதிமன்றம் ஏற்றது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்றது. இன்று வீட்டு நிறுவனங்களின் விளம்பரங்களில் மினுங்கும் ‘நீடித்த வளர்ச்சி’ என்ற சொல்லுக்கு இப்படியொரு கசப்பான பூர்விகம் உண்டு.

2001-இல் இந்தியப் பசுமைக் கட்டட மன்றம் தோன்றியது. சூரியத் தகடும் மழைநீர்த் தொட்டியும் பசுமைக் கட்டடச் சான்றிதழுக்கு மதிப்பெண் சேர்த்தன. மணலுக்கு மாற்றாக எம்-சாண்ட் வந்தது; 2016-இல் திருத்தப்பட்ட இந்தியத் தர விதி அதற்கு இடமளித்தது. எம்-சாண்ட் கருங்கல்லை உடைத்துச் செய்வது. ஆற்றின் சுமையில் ஒரு பங்கு மலைக்கு மாறியது.