துரையின் குதிரை போன பாதைகள்

நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனவர்கள் கிறகரி வாவிக் கரையில் சவாரிக் குதிரைகளைக் கண்டிருப்பீர்கள். காசு கொடுத்தால் பிள்ளையை ஏற்றி ஒரு சுற்றுக் கூட்டிப்போவார்கள். புலம்பெயர் நாடுகளிலிருந்து வரும் உறவினர்கள் சிலர் அதற்கும் மேலே கேட்கிறார்கள்: தேயிலைத் தோட்டங்களுக்கூடாகக் குதிரையில் போய், காட்டோரம் கூடாரம் அடித்துத் தங்க முடியுமா?

ஒரு காலத்தில் முடிந்தது. 1848 இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் இங்கிலாந்திலிருந்து கால்நடைகளையும் வேட்டை நாய்களையும் கப்பலில் கொண்டுவந்தவர். ஹோர்ட்டன் சமவெளியில் முகாமிட்டு மரை வேட்டையாடியதைப் புத்தகமாகவே எழுதினார். பின்னால் வந்த கோப்பித் துரைமாருக்குக் குதிரை பொழுதுபோக்கல்ல. மலையில் சிதறிக் கிடந்த தோட்டத்தைச் சுற்றிப்பார்க்க அவர்களுக்கு வேறு வாகனம் இருக்கவில்லை. ரயில் நானுஓயாவுக்கு வந்ததே 1885 இல்தான்.

துரை தனியாகப் போகவில்லை. குதிரையைப் பராமரிக்கக் குதிரைக்காரர் ஒருவர், புல் அறுக்க இன்னொருவர். இவர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள். துரை சவாரி போகும்போது குதிரைக்காரர் கால்நடையாக ஓடியே பின்தொடர வேண்டும். அவரோ அவருடைய பெற்றோரோ மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்து வந்தவர்களாக இருப்பார்கள். அந்த வழியில் செத்தவர்களின் கணக்கு யாரிடமும் சரியாக இல்லை.

தோட்டத்துக்குப் போனால் இரண்டு விதமான பாதைகளைக் கவனியுங்கள். ஒன்று, மலையை வளைந்து வளைந்து மெதுவாக ஏறும் றோட்டு. சரிவு கூடினால் குதிரைக்குக் குளம்பு வழுக்கும், வண்டி மாடு மூச்சு வாங்கும். அதனால் சாய்வு பார்த்து வெட்டியது. மற்றது, தேயிலை நிரைகளுக்கு நடுவே நேரே மேலேறும் குறுக்கு. கொழுந்துக் கூடையோடு பெண்கள் ஏறுவது அதில். றோட்டை வெட்டியவர்களும் குறுக்கில் ஏறியவர்களும் ஒரே லயத்து ஆட்கள். எந்த வரலாற்று நூலையும் விட இந்த இரண்டு பாதைகளும் எனக்கு அதிகம் சொல்கின்றன.

கண்டி ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன் பக்கத்தாலும் போய், நுவரெலியாவில் முடியும் 'பீக்கோ ட்ரெயில்' இந்தப் பழைய றோட்டுகளைத்தான் பெரும்பாலும் இணைக்கிறது. 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கு மேல். நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரருக்கும் என்று அமைத்தது. அமெரிக்காவின் தேசிய வனங்களில் குதிரையோடு தங்குவதற்கென்றே தொழுவமும் தண்ணீர்த் தொட்டியும் உள்ள முகாம்கள் உண்டு. இங்கே அந்த வசதியை எதிர்பார்க்க வேண்டாம். ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசிய பூங்கா; அங்கே வனஜீவராசிகள் திணைக்களத்தின் சட்டம். தோட்ட நிலம் பெரும்பாலும் அரசினுடையது, நடத்துவது கம்பனி. ஆகவே றோட்டில் குதிரை விட முகாமையாளரின் அனுமதி தேவை. ஐந்து தலைமுறையாக அங்கேயே இருப்பவர்களில் பலருக்கு வீட்டடிக் காணியின் உறுதிகூடக் கையில் இல்லை என்பதையும் அந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அனுமதி கிடைத்தால், முதலில் குதிரையைப் பாருங்கள். ஆளும் சேணமும் சேர்ந்து அதன் எடையில் ஐந்திலொன்றைத் தாண்டக்கூடாது. வாவிக்கரைக் குதிரைகள் சில சிறியவை. நல்ல உடம்புக்காரர் ஏறாமல் விடுவது நல்லது. ஒரு நாளைக்குக் குறைந்தது 25 லீற்றர் தண்ணீர் வேண்டும். தேயிலைக்குள் புல் மேயவிடாதீர்கள், களைநாசினி அடித்திருப்பார்கள். செங்குத்தான இறக்கத்தில் இறங்கி நடத்திக்கொண்டு போங்கள். மழை நாளில் அட்டை குதிரையின் காலையும் விடாது. ஹட்டன் பக்கத் தோட்டங்களில் சிறுத்தை நடமாட்டம் உண்டு. இரவில் காட்டோரம் கட்டாமல் ஆள் இருக்கும் இடத்தில் கட்டுங்கள்.

1977, 1983 வன்செயல்களுக்குப் பின் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்து, இறுதி யுத்தத்தில் மீண்டும் எல்லாவற்றையும் இழந்த குடும்பங்கள் இதை வாசிக்கக்கூடும். உங்கள் பாட்டன் வெட்டிய றோட்டைப் பார்க்கக் குதிரை தேவையில்லை. 2023 இல், 200 ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் மறுபடி நடந்தார்கள். அந்த வழியை நடந்தே போகலாம்.

குதிரையில்தான் போவதென்றால், தோட்டத்து இளைஞர் ஒருவரை வழிகாட்டியாகக் கேளுங்கள். குறுக்கு, ஊற்று, மண் சரிந்த இடம் எல்லாம் அவருக்குத் தெரியும். பெரும்பாலும் அவர் குதிரைக்குப் பக்கத்தில் நடந்துதான் வருவார். நாட்கூலியை இடையில் ஆளில்லாமல், புறப்படும் முன்பே அவரோடு நேரே பேசிக்கொள்ளுங்கள்.