இந்தியத் தொழில் கூட்டமைப்பு

இந்தியத் தொழில் கூட்டமைப்பு (சிஐஐ): புது தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட தொழில்துறைச் சங்கம், அரசு அமைப்பன்று. 1895இல் கல்கத்தாவில் பொறியியல், இரும்பு வணிகர் சங்கமாகத் தொடங்கியது. பலமுறை பெயர் மாறி, 1992இல் இன்றைய பெயரைப் பெற்றது.

காலாண்டுதோறும் நிறுவனங்களிடம் விற்பனை, முதலீடு, ஆளெடுப்பு பற்றிக் கேட்டு வணிக நம்பிக்கைக் குறியீட்டை வெளியிடுகிறது. நடப்பு நிலையைவிட வரும் மாதங்கள் பற்றிய எதிர்பார்ப்புக்கே இதில் எடை அதிகம். 50க்கு மேல் போனால் நம்பிக்கை மேலோங்குகிறது என்று பொருள். மத்திய பட்ஜெட்டுக்கு முன் நிதி அமைச்சகத்திடம் கோரிக்கை மனுவும் அளிக்கும். ஆய்வும் கோரிக்கையும் ஒரே இடத்திலிருந்து வருவதால், உறுப்பினர் நலன் கலந்திருக்கும் என்பதை மனத்தில் வைத்தே இவற்றைப் படிக்க வேண்டும்.

சிஐஐயின் பணிகளில் சிறு நிறுவனங்களுக்கு அதிகம் பயன்படுவது குழும ஆலோசனைத் திட்டம். சில உதிரிபாக ஆலைகள் சேர்ந்து ஓர் ஆலோசகரின் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒருவர் பட்டறையை மற்றவர் நேரில் பார்த்துக் கழிவு, இயந்திர நிறுத்தம் ஆகியவற்றைக் குறைக்கக் கற்கிறார்கள். ஹைதராபாத்திலுள்ள சிஐஐயின் சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் எரிசக்தித் தணிக்கை செய்கிறது. 2004இல் திறக்கப்பட்ட அதன் கட்டடம், அமெரிக்காவுக்கு வெளியே பசுமைக் கட்டடங்களுக்கான லீட் பிளாட்டினம் சான்று பெற்ற முதல் கட்டடம்.

எக்ஸிம் (ஏற்றுமதி-இறக்குமதி) வங்கியுடன் இணைந்து 1994இல் சிஐஐ நிறுவிய வணிகச் சிறப்பு விருது, ஐரோப்பிய அளவுகோலின்படி 1000 புள்ளிகளுக்கு மதிப்பிடப்படுகிறது. மதிப்பீட்டாளர்கள் ஆலைக்கே வந்து ஊழியர்களிடம் பேசுகிறார்கள். விருது கிடைக்காதவர்களுக்கும் குறைநிறைகளைச் சொல்லும் அறிக்கை உண்டு. கேடயத்தைவிட அந்த அறிக்கைக்காகவே விண்ணப்பிப்போரும் உண்டு.