பல்லு பல்லோட சேருதா? சூப்பர்ஹீரோ ஸ்டீம்பங்க் ரேங்கிங்

ரேங்கிங் எபிசோட் எப்போன்னு கேட்டுட்டே இருந்தீங்க. இந்த வாரம் சூப்பர்ஹீரோக்களோட ஸ்டீம்பங்க் அவதாரங்கள். ஆனா நம்ம பாட்காஸ்ட் வரலாற்றுப் பாட்காஸ்ட், அதனால "எது செம லுக்கு"ன்னு மட்டும் பார்த்து மார்க் போடப் போறதில்ல.

முதல்ல இந்த ஆசை எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்லிடறேன். மார்வெல் ஸ்னாப். 2022 அக்டோபர்ல வந்த மொபைல் கார்டு கேம். டெக்ல 12 கார்டு, மூணு இடம், ஆறு டர்ன், ஆட்டம் முடிஞ்சுது. ஆபீஸ் கேப் வர்றதுக்குள்ள ரெண்டு மேட்ச் போட்டுடலாம். அதுல வேரியன்ட்னு ஒண்ணு உண்டு. அதே கார்டு, வேற ஓவியம். கேம் வெளியானப்போ அயர்ன் மேன் கார்டுக்கு காஸ்ட் 5, பவர் 0. அந்த இடத்துல இருக்கற உங்க மொத்த பவர ரெட்டிப்பாக்கும். எந்த வேரியன்ட் போட்டாலும் அந்த நம்பர் மாறாது. பித்தளைக் கவசம் மாட்டினாலும் அதே 5, அதே 0. அழகுக்கு மட்டும்தான்.

இப்ப என் அப்புச்சி கதை. அம்மாவோட அப்பா. கோயம்புத்தூர்ல ஒரு ஸ்பின்னிங் மில்லுல முப்பது வருஷம் ஃபிட்டரா இருந்தவர். லீவுக்குப் போயிருந்தப்போ, ஒரு ரசிகர் வரைஞ்ச ஸ்டீம்பங்க் அயர்ன் மேன் கார்ட போன்ல காட்டினேன். நெஞ்சுக்கு நடுவுல மூணு பற்சக்கரம், ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு, பளபளன்னு. கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "ஏங்கண்ணு, இது எப்படிச் சுத்தும்?"னார்.

யோசிச்சுப் பாருங்க. ரெண்டு கியர் சேர்ந்தா ஒண்ணு வலது பக்கம் சுத்தும், இன்னொண்ணு இடது பக்கம் சுத்தும். மூணாவது கியர் ரெண்டையும் தொட்டா? ஒண்ணு அத வலது பக்கம் தள்ளும், இன்னொண்ணு இடது பக்கம் தள்ளும். மொத்தமும் பூட்டிக்கும். வட்டமா கோத்த கியர்கள் ஒற்றைப்படை எண்ணிக்கையில இருந்தா எந்தக் காலத்துலயும் சுத்தாது. இஞ்சினியரிங் டிகிரி வாங்கின எனக்கு அது கண்ணுல படல. எட்டாவதோட பள்ளிக்கூடத்த விட்டவருக்குப் பட்டுச்சு.

சமாதானத்துக்கு ஒரு தகவல். இதே தப்பு பிரிட்டிஷ் காசுலயே இருக்கு. 1998ல புழக்கத்துக்கு வந்த 2 பவுண்டு நாணயத்துல, தொழிற்புரட்சியக் காட்டறதுக்காக ஒரு வட்டத்துல 19 பற்சக்கரம் போட்டாங்க. 19 ஒற்றைப்படை. தொழிற்புரட்சி நடந்த நாட்டோட காசுலயே சக்கரம் சுத்தாது!

இந்த வகைக்குப் பேரு வந்ததே விளையாட்டாதான். கே.டபிள்யூ. ஜீட்டர்னு ஒரு எழுத்தாளர். அவரும் நண்பர்கள் டிம் பவர்ஸ், ஜேம்ஸ் பிளேலாக்கும் விக்டோரியா காலத்துல நடக்கற வினோதக் கதைகளா எழுதிட்டு இருந்தாங்க. அப்போ சைபர்பங்க் பெரிய ஃபேஷன். 1987ல லோக்கஸ் பத்திரிகைக்கு எழுதின கடிதத்துல, எங்களுக்கும் ஒரு பேர் வேணும்னா 'ஸ்டீம்பங்க்'னு வைங்கன்னு கிண்டலா எழுதினார். பேரு ஒட்டிக்கிச்சு. அப்புறம் கண்ணாடி, தொப்பி, பித்தளைச் சக்கரம் எல்லாம் அது மேல ஒட்டிக்கிச்சு.

அதனால இன்னைக்கு ரேங்கிங்க்கு ரெண்டே கேள்வி. ஒண்ணு, சக்கரம் சுத்துதா? அதாவது அந்த மெஷின எடுத்துட்டா கதை மாறுமா? ரெண்டு, பாய்லருக்கு நிலக்கரி போடறது யாரு? தனித்தனி கார்டு ஓவியத்த விட்டுட்டு, இந்த மாதிரி ஓவியங்களுக்கு முன்னாடியே இதச் செஞ்ச நாலு காமிக்ஸ எடுத்துக்கறேன்.

நாலாவது இடம்: காத்தம் பை கேஸ்லைட், 1989. பிரையன் அகஸ்டின் எழுத்து, மைக் மின்யோலா ஓவியம். 1889ல வாழற பேட்மேன், எதிரி ஜாக் த ரிப்பர். லுக்கு மட்டும்னா இதுக்குத்தான் முதலிடம். ஆனா இதுல இருக்கறது கேஸ் விளக்கு வெளிச்சமும் நிழலும்தான். மெஷின் கிட்டத்தட்ட இல்லவே இல்ல. திட்டாதீங்க, எனக்கும் பிடிச்ச புத்தகம்தான்.

மூணாவது இடம்: ஜேஎல்ஏ: ஏஜ் ஆஃப் ஒண்டர், 2003. எடிசன், டெஸ்லா காலத்து அமெரிக்காவுல சூப்பர்மேன் இறங்கினா என்ன ஆகும்ங்கறதுதான் கதை. அந்தக் காலத்தோட நிஜ சூப்பர்மேன் யாருன்னு கேட்டா நான் கார்லிஸ் எஞ்சின்னுதான் சொல்வேன். 1876 பிலடெல்பியா கண்காட்சியில ஜனாதிபதி கிராண்ட்டும் பிரேசில் பேரரசர் ரெண்டாம் பெட்ரோவும் சேர்ந்து இயக்கி வச்ச நீராவி எஞ்சின். 1,400 குதிரைத்திறன். மெஷினரி ஹால் முழுக்க இருந்த இயந்திரங்களுக்கு அந்த ஒண்ணுதான் சக்தி கொடுத்துச்சு. அது நின்னா ஹாலே நிக்கும். இந்தக் காமிக்ஸ்ல கண்டுபிடிப்பு கதைய நகர்த்துது. சக்கரம் சுத்துது. நிலக்கரிக் கேள்விக்குத்தான் எனக்கு முழு பதில் கிடைக்கல.

ரெண்டாவது இடம்: 1872. மார்வெல்லோட 2015 சீக்ரெட் வார்ஸ்ல ஒரு கிளைக்கதை. ஜெர்ரி டகன் எழுத்து, நிக் விரெல்லா ஓவியம். டைம்லிங்கற பாலைவன ஊர். ஷெரிஃப் ஸ்டீவ் ராஜர்ஸ், மேயர் வில்சன் ஃபிஸ்க். பிரச்சனை தண்ணி: ஆத்துக்குக் குறுக்க அணை கட்டி, பழங்குடி மக்களுக்குத் தண்ணிய நிறுத்திட்டாங்க. டோனி ஸ்டார்க் இங்க ஒரு குடிகாரர். தான் செஞ்ச ஆயுதம் உள்நாட்டுப் போர்ல எத்தனை பேரக் கொன்னுச்சுங்கற குற்ற உணர்ச்சியில குடிக்கறவர். இதுல பித்தளை வெறும் அலங்காரம் இல்ல. மெஷின் செஞ்சவனே அதோட கணக்கையும் தூக்கிச் சுமக்கறான். அப்புச்சிகிட்ட அடுத்து காட்டறதா இருந்தா இந்த அயர்ன் மேனத்தான் காட்டுவேன்.

முதல் இடம்: கேப்டன் நெமோவோட நாட்டிலஸ். ஆலன் மூர், கெவின் ஓ'நீல் 1999ல ஆரம்பிச்ச த லீக் ஆஃப் எக்ஸ்ட்ராடினரி ஜென்டில்மென்ல வர்ற நெமோ, தலைப்பாகை கட்டின இந்தியர். ஏதோ புதுசா மாத்திட்டாங்கன்னு நினைக்காதீங்க. மூலமே அதுதான். ஜூல்ஸ் வெர்ன் முதல் நாவல்ல நெமோ யாருன்னு சொல்லாம விட்டார். 1875ல முடிஞ்ச 'மர்மத் தீவு' நாவல்ல உடைச்சுச் சொன்னார்: நெமோ, பந்தேல்கண்டு ராஜாவோட மகன் இளவரசர் தக்கார். திப்பு சுல்தானுக்கு மருமகன் முறை. 1857 எழுச்சியில சண்டை போட்டு, குடும்பத்த இழந்து, கடலுக்கு அடியில போனவர்.

இன்னொரு விஷயம், நாட்டிலஸ் நீராவியில ஓடாது, மின்சாரத்துல ஓடும். அதுக்கு சோடியம் வேணும், சோடியம் எடுக்க வெப்பம் வேணும், வெப்பத்துக்கு நிலக்கரி. வெர்ன் அதுக்குன்னே ஒரு அத்தியாயம் எழுதியிருக்கார். அணைஞ்ச எரிமலை ஒண்ணுக்குள்ள, கடலடிச் சுரங்கத்துல, நெமோவோட ஆட்களே நீர்மூழ்கி உடை போட்டுக்கிட்டு நிலக்கரி வெட்டறாங்க. என் ரெண்டாவது கேள்விக்கு நேரடியா பதில் இருக்கறது இங்க மட்டும்தான். அதுவும் பேரரசால நாட்ட இழந்த ஒருத்தரோட கப்பல்ல.

முடிக்கறதுக்கு முன்னாடி, கார்டு பத்தியே ஒண்ணு. 1804ல பிரான்ஸ் நாட்டு லியோன் நகரத்துக்காரர் ஜாக்கார்டு, ஓட்டை போட்ட அட்டைகள வச்சு இயங்கற தறி செஞ்சார். அட்டைய மாத்தினா துணியில டிசைன் மாறும். அந்த ஐடியாவத்தான் பாபேஜ் தன்னோட அனலிட்டிக்கல் எஞ்சினுக்கு எடுத்துக்கிட்டார். நான் சம்பளம் வாங்கற தொழிலுக்கு அதுதான் கொள்ளுத்தாத்தா. 1839ல ஜாக்கார்டோட உருவத்தையே பட்டுல நெஞ்சாங்க, சுமார் 24,000 அட்டைகள வச்சு. பாபேஜ் கிட்டயும் ஒண்ணு இருந்துச்சு. ஒரே ஒரு படத்துக்கு 24,000 கார்டு!

அதுக்கு எட்டு வருஷம் முன்னாடி, 1831ல, அதே லியோன் நகரத்துல பட்டு நெசவாளர்கள் நியாயமான கூலி கேட்டுக் கிளர்ச்சி பண்ணாங்க. படை வந்துதான் அடக்குச்சு. அந்தப் பட்டுப் படத்துல ஜாக்கார்டு முகம் இருக்கு. அவங்க முகம் இல்ல.

அப்புச்சியோட வலது கை மோதிர விரல்ல ஒரு கணு இருக்காது. மில்லுல போனது. அன்னைக்கு அந்த விரலாலதான் ஸ்கிரீனத் தொட்டு, "சக்கரத்துகிட்ட வேலை செஞ்சவன் இப்படி வரைய மாட்டான் சாமி"ன்னார். அவர் குறை சொல்லல. சாதாரணமாத்தான் சொன்னார்.

அடுத்த தடவை ஒரு ஸ்டீம்பங்க் வேரியன்ட்டுக்கு காசு போடறதுக்கு முன்னாடி கியர எண்ணிப் பாருங்க. வட்டமா கோத்து ஒற்றைப்படையா இருந்தா எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க. காத்தம் பை கேஸ்லைட்ட கடைசியில போட்டதுக்கு சண்டை போடணும்னாலும் வாங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.