கணக்கும் கணக்கப்பிள்ளையும்

தமிழில் கணக்கு என்பது ஒரே சொல். பள்ளிக்கூடத்து அல்ஜீப்ராவும் கணக்கு, மூட்டைக்குக் கூலி எழுதுவதும் கணக்கு. மீஞ்சூரில் எங்கள் தெருவில் 'பையன் கணக்குல புலி' என்றால், அவனுக்குக் கடையிலோ துறைமுகத்திலோ பில் எழுதும் வேலை கிடைக்கும் என்றுதான் அர்த்தம். அதற்கு மேலும் ஒரு கணக்கு உண்டென்று யாருக்கும் தோன்றியதில்லை.

இந்த இரண்டு கணக்குகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவர் ராமானுஜன். 1912 மார்ச் 1இல் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மாதம் 30 ரூபாய். நாமகிரித் தாயார் கனவில் சூத்திரம் சொன்ன கதையை நம் பத்திரிகைகள் அலுக்காமல் சொல்கின்றன. அந்தத் தொன்மத்துக்குள் துறைமுகம் காணாமல் போய்விடுகிறது. சரக்குச் சுற்றி வந்த தாளைப் பொறுக்கி அவர் கணக்குப் போட்டதும் போய்விடுகிறது. அவருடைய மேலதிகாரி எஸ். நாராயண ஐயர் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடுகிறார்.

நாராயண ஐயர் திருச்சியில் கணிதம் கற்பித்தவர். இரவில் அவருடைய திருவல்லிக்கேணி வீட்டில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டுடன் உட்காருவார்கள். ராமானுஜன் பத்துப் படிகளை ஒரே எட்டில் தாண்டுவார். ஐயர் விடமாட்டார். எனக்கே எட்டாதது மற்றவர்களுக்கு எப்படி எட்டும், நடுவில் உள்ளதை எழுது என்பார்.

பத்தாம் வகுப்பில் நான் ஓர் இருபடிச் சமன்பாட்டுக்கு விடையை மட்டும் எழுதினேன். விடை சரி. வாத்தியார் சைபர் போட்டார். "ஸ்டெப்பு எங்கடா? எவனைப் பாத்து எழுதுன?" யோசித்துப் பார்த்தால், அவர் கேட்டதும் ஐயர் கேட்டதும் ஒன்றேதான். ஒன்று வாசிப்பு, மற்றது விசாரணை. யாருக்கு எது வாய்க்கும் என்பதுதான் நம் கல்வி வரலாறு என்றே நான் கருதுகிறேன்.

ராமானுஜன் ஏழை, எஃப்.ஏ.வில் தோற்றவர். இதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் டெபுடி கலெக்டர் ராமசாமி ஐயர், பேராசிரியர் சேஷு ஐயர், நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் என்று கைமாறிக் கைமாறி அவரைக் கொண்டு சேர்த்த சங்கிலியில் சாதியும் உத்தியோகமும் ஒவ்வொரு கண்ணியிலும் இருந்தன. அதே துறையில் மூட்டை சுமந்து மனக்கணக்குப் போட்டவனுக்குச் சிலேட்டை யார் நீட்டினார்கள்?

மூட்டை என்றதும் அவருடைய பிரிவினைக் கணக்கு ஞாபகம் வருகிறது. நாலு மூட்டையை எத்தனை விதமாகக் குவிக்கலாம்? நாலும் ஒன்றாக, மூன்றும் ஒன்றும், இரண்டிரண்டாக, இரண்டும் ஒன்றும் ஒன்றும், தனித்தனியாக: 5 வழி. ஒன்பதுக்கு 30. பதினாலுக்கு 135. 4இலோ 9இலோ முடிகிற எந்த எண்ணை எடுத்தாலும் வழிகளின் எண்ணிக்கை 5ஆல் மீதியின்றி வகுபடும். 1919இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் இதை நிறுவியிருக்கிறார். கேள்வி ஒன்றாம் வகுப்புக்காரனுக்கும் புரியும். நிரூபணம் வேறு விஷயம்.

முத்தியால்பேட்டைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த பி.கே. ஸ்ரீனிவாசன், ராமானுஜனின் கடிதங்களையும் பழகியவர்களின் நினைவுகளையும் தேடித் திரட்டி 1968இல் தொகுப்பாகக் கொண்டுவந்தார். 1993இல் அவர் ராமானுஜன் அருங்காட்சியகத்தை ஆரம்பித்தது ராயபுரத்தில். மயிலாப்பூரில் அல்ல, மீன் வாடையும் லாரிப் புகையும் அடிக்கிற ராயபுரத்தில். இந்த இடத்தேர்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

போன மாதம் ராயபுரத்தில் ரயிலேறியபோது மகளிடம் ஒன்பது மூட்டைக் கணக்கைக் கொடுத்தேன். மளிகை பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தாள். அத்திப்பட்டு தாண்டும்போது 28 வழி ஆகியிருந்தது. "இன்னும் ரெண்டு எங்கப்பா?" மீஞ்சூரில் இறங்கியும் பிளாட்பாரத்தில் நின்று தேடிக்கொண்டிருந்தோம்.