மேகத்துக்குள் மலை: விமான உயரப் பிழையின் வரலாற்றில் நீலகிரி

1950 டிசம்பர் 13 அன்று ஏர் இந்தியாவின் டி.சி.-3 விமானம் ஒன்று கோத்தகிரி அருகே மலையில் மோதியது. யாரும் பிழைக்கவில்லை. இறந்தவர்களுள் கொலம்பியா பல்கலைக்கழகப் புள்ளியியல் பேராசிரியர் ஆபிரகாம் வால்டும் அவர் மனைவியும் அடங்குவர். இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவாற்ற வந்திருந்தவர் அவர். விபத்துப் பட்டியல்கள் இதை 'வழிகாணல் பிழை' என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன.

அந்த ஒரு வரி எதை விட்டுவிடுகிறது என்பதைப் புரிந்துகொள்ள நீலகிரியின் அமைப்பே போதும். உதகைக்கு வடமேற்கே, மலை சீகூர்ச் சரிவாக இறங்கத் தொடங்கும் விளிம்பில் இருக்கிறது சோலூர். உயரம் ஏறத்தாழ 2,000 மீட்டர். நேர்கோட்டில் பத்துக் கிலோமீட்டர் அளவே தள்ளியிருக்கும் மசினகுடி 1,000 மீட்டரை ஒட்டியது. மசினகுடிக்கு மேலே ஆயிரம் மீட்டர் இடைவெளியோடு நிம்மதியாகப் பறக்கும் டி.சி.-3, உயரம் மாறாமல் மூன்று நிமிடம் தெற்கே வந்தால் சோலூர்த் தேயிலைச் சரிவில்தான் முட்டும். அப்போதும் உயரமானியின் முள் அசைந்திருக்காது. அக்கருவி அளப்பது காற்றழுத்தத்தை. கீழே தரை எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. விமானம் நிற்கும் இடத்தைத் தவறாகக் கணித்தாலே போதும், சரியான உயரமும் தவறான உயரமாகிவிடும்.

கருவியைப் படிப்பதிலும் சிக்கல் இருந்தது. அக்காலத்து உயரமானியில் நூறு, ஆயிரம், பத்தாயிரம் அடிகளுக்கென மூன்று முட்கள். 1947இல் பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் ஆகிய இருவரும் அமெரிக்க விமானப் படைக்காக, கருவிகளைத் தவறாகப் படித்த 270 அனுபவங்களைத் திரட்டினர். அவற்றில் பல முட்கள் கொண்ட கருவிகளைப் படிப்பதில் நேர்ந்த குழப்பமே முன்னின்றது. பிழை விமானியிடம் மட்டுமல்ல, முகப்புப் பலகையை வடிவமைத்தவரிடமும் இருக்கிறது என்ற வாதம் இங்கே வேர்விட்டது. ஆனாலும் 1958இல் ஸ்காட்லாந்தின் ஏர்ஷயரில் ஒரு வைக்கவுண்ட் விமானம், உயரம் பத்தாயிரம் அடி தவறாகப் படிக்கப்பட்டதால், தரையில் மோதியது.

வால்டு இங்கே மீண்டும் வருகிறார். உலகப் போரின்போது, திரும்பி வந்த குண்டுவீச்சு விமானங்களின் துளைகளை ஆராய்ந்தவர் அவர். திரும்பி வராதவற்றையும் கணக்கில் சேர்க்காவிட்டால் முடிவு தவறும் என்று காட்டினார். பயணிகள் விமானத் துறையில் நிலைமை தலைகீழ். இங்கே மோதியவை அலசப்பட்டன. நூலிழையில் தப்பியவை பேசப்படவில்லை. 1974 டிசம்பர் 1 அன்று டி.டபிள்யூ.ஏ. 514 விமானம், தெளிவற்ற தரையிறங்கு அனுமதியை நம்பி 1,800 அடிக்கு இறங்கத் தொடங்கி, வர்ஜீனியாவில் மலையில் மோதியது; 92 பேர் இறந்தனர். ஆறு வாரங்களுக்கு முன் அதே இடத்தில் யுனைடெட் நிறுவன விமானி ஒருவர் அதே பிழையைச் செய்து தப்பியிருந்தார். எச்சரிக்கை அவருடைய நிறுவனத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. 1976இல் நாசா நடத்தத் தொடங்கிய, பெயர் வெளியிடாத தன்னார்வ அறிக்கை முறை இதன் விளைவு. உயர விலகல் எவ்வளவு அன்றாடமானது என்பதே அதன் பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது. கோத்தகிரியில் இறந்தவரின் தர்க்கம் இருபத்தாறு ஆண்டுகள் தாமதமாகத் துறையை எட்டியது என்றே நான் படிக்கிறேன்.

இந்தியா இதைவிட மெதுவாகவே நகர்ந்தது. 1991 ஆகஸ்ட் 16இல் இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் 737 இம்பால் அருகே மலையில் மோதி 69 பேர் மாண்டனர். கோத்தகிரியின் மறுபதிப்பு. திருப்பம் வந்தது 1996 நவம்பர் 12இல், ஹரியாணாவின் சர்க்கி தாத்ரி வானில். டெல்லியிலிருந்து கிளம்பிய சவூதி ஜம்போவுக்கு 14,000 அடி. இறங்கிவந்த கசகஸ்தானின் இல்யூஷினுக்கு 15,000 அடி. இரண்டுக்கும் ஒரே வழித்தடம். இல்யூஷினில் கட்டுப்பாட்டாளரோடு பேசிய வானொலி இயக்குநருக்குத் தனி உயரமானி கிடையாது. விமானிகளின் கருவியைத்தான் எட்டிப் பார்க்க வேண்டும். டெல்லி ராடாரோ இடத்தைக் காட்டியதே தவிர உயரத்தைக் காட்டவில்லை. 349 பேர் இறந்தனர். நீதிபதி ஆர்.சி. லஹோட்டி ஆணையம், அனுமதித்த உயரத்துக்குக் கீழே இல்யூஷின் இறங்கியதே காரணம் என்றது. தீர்ப்பு பழையதுதான், பரிகாரம் புதிது. வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தனித்தனி வழித்தடம், உயரம் காட்டும் ராடார், பயணிகள் விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவி ஆகியவை வந்தன. ஒரு விமானி சறுக்கினாலும் அடுத்த அடுக்கு தாங்க வேண்டும் என்ற எண்ணம் இந்திய வான்வெளியில் விதியானது இதன் பிறகுதான்.

இராணுவப் பறப்பு வேறு உலகம் என்றாலும், 2021 டிசம்பர் 8இல் குன்னூர் அருகே ஜெனரல் பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்ததை இங்கே தவிர்க்க முடியவில்லை. முப்படை விசாரணை, பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறியதால் மேகத்துக்குள் நுழைந்து விமானி திசையுணர்வை இழந்தார் என்றது. அலட்சியம் இல்லை என்றும் சொன்னது. 2024இல் நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையிலுள்ள அட்டவணையில் அதே விபத்தின் காரணம் 'மனிதப் பிழை' மட்டுமே. முதல் வாசகத்தை வைத்துக்கொண்டு, அந்தப் பள்ளத்தாக்கின் வானிலைத் தகவல் விமானிக்கு எப்போது, எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று கேட்கலாம். இரண்டாவதில் அப்படிக் கேட்க இடமே இல்லை.