ஃபிதெஸ்: ஒரு கட்சிப் பெயரின் கதை

'இளம் ஜனநாயகவாதிகள் கூட்டமைப்பு' என்று பொருள்படும் மூன்று ஹங்கேரியச் சொற்களின் முன்னெழுத்துகளைக் கோத்து உண்டான பெயர் ஃபிதெஸ். 1988 மார்ச் 30-இல் புடாபெஸ்டின் பீபோ கல்லூரி விடுதியில் 37 மாணவர்கள் கூடி வைத்தது. கம்யூனிஸ்ட் கட்சியின் இளைஞர் அமைப்பு ஒன்றே இருந்த நாட்டில் அது துணிச்சலான செயல். பெயரில் இருந்த 'இளம்' வெறும் அலங்காரமன்று. 35 வயது கடந்தவர்கள் உறுப்பினராக முடியாது என்று விதியே இருந்தது.

அவர்களில் ஒருவர் விக்டர் ஓர்பான். 1989 ஜூன் 16 அன்று, தூக்கிலிடப்பட்ட முன்னாள் பிரதமர் இம்ரே நாட்ஜின் உடலை மறு அடக்கம் செய்த நாளில், மாவீரர் சதுக்கத்தில் திரண்ட பெருங்கூட்டத்தின் முன் நின்று, சோவியத் படைகள் வெளியேற வேண்டும் என்று பேசினார். அப்போது அவருக்கு வயது 26.

1993-இல் வயது வரம்பு போயிற்று. 1995-இல் கட்சி 'ஃபிதெஸ் – ஹங்கேரியக் குடிமக்கள் கட்சி' என்று மாறியது. என் பார்வையில் திருப்புமுனை இதுதான். சுருக்கப்பெயர் நின்றது, அதற்குள் இருந்த 'ஜனநாயகவாதிகள்' உதிர்ந்தார்கள். லத்தீனில் 'ஃபிதெஸ்' என்றால் நம்பிக்கை, விசுவாசம். பழைய எழுத்துகளுக்குப் புதுப்பொருள் அங்கிருந்து கிடைத்தது. உலக லிபரல் கட்சிகளின் அமைப்பிலிருந்தும் 2000-இல் விலகினார்கள்.

2010-இல் மூன்றில் இரண்டு பங்கு இடங்களோடு ஓர்பான் மீண்டும் பிரதமரானார். 2012-இல் நடைமுறைக்கு வந்த புதிய அரசியல் சட்டம் 'ஹங்கேரியக் குடியரசு' என்ற நாட்டின் பெயரை வெறும் 'ஹங்கேரி' ஆக்கியது. நீதிபதிகளின் ஓய்வு வயதை 70-லிருந்து 62-க்கு இறக்கிப் பலரை வீட்டுக்கு அனுப்ப முயன்றார்கள். அது தவறு என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் விதிகளும் மாறின. 2014-இல் சுமார் 45 விழுக்காடு வாக்குக்கு 199 இடங்களில் 133 கிடைத்தன. அந்த ஜூலையில், தாம் கட்டுவது லிபரல் அல்லாத அரசு என்று ஓர்பானே அறிவித்தார்.

ஹங்கேரியத்தில் விடுதலைக்குச் சொல் 'சபட்ஷாக்'. 'மக்கள் விடுதலை' என்ற பொருளில் 'நேப்சபட்ஷாக்' என்றொரு நாளிதழ் ஓர்பான் அரசை விமர்சித்து வந்தது. 2016 அக்டோபர் 8 அன்று திடீரென நிறுத்தப்பட்டது; அங்கே வேலை பார்த்த செய்தியாளர்களுக்கே முன்னறிவிப்பு இல்லை.

அதே சொல் இன்று வேறொரு கட்சியின் பெயருக்குள் இருக்கிறது. 'மரியாதையும் விடுதலையும்' என்பதன் சுருக்கமான திஸா, அந்நாட்டின் பெரிய ஆறுகளில் ஒன்றின் பெயரும்கூட. பேத்தர் மாட்ஜர் தலைமையில் 2024 ஜூன் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் அந்தக் கட்சி ஏறத்தாழ 30 விழுக்காடு வாக்குப் பெற்றது.

நல்ல செய்திதான். ஆனால் 1988-இன் மாணவர்களும் நல்ல பெயரைத்தான் வைத்தார்கள். ஓர்பானுக்குப் பின் வருகிறவர், தம்மைக் கட்டுப்படுத்தும் நீதிமன்றத்தையும் தம்மைக் கேள்வி கேட்கும் பத்திரிகையையும் விட்டுவைக்கிறாரா என்று பாருங்கள். கட்சியின் பெயரைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள்.