புவிக்கு வளையம் இருந்ததா?

வளையம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது சனிக்கோள்தான். புவிக்கும் அப்படியொன்று இருந்தால் இரவு வானம் எத்துணை அழகாக இருக்கும் என்று நாம் வியப்பதுண்டு. அந்த வியப்பில் வளையத்தின் நிழலை மறந்துவிடுகிறோம்.

1610இல் தொலைநோக்கி வழியே சனியைக் கண்ட கலிலியோ, அதன் இருபுறமும் இரு சிறு கோள்கள் நிற்பதாகவே கருதினார். 1612இல் அவை காணாமற்போயின. வளையத்தின் விளிம்பு நம்மை நோக்கித் திரும்பியதே காரணம் என்பதை அவர் அறிந்திலர். அது கோளைத் தொடாமல் சூழ்ந்து நிற்கும் தட்டையான வளையம் என்று 1659இல் ஹைகன்ஸ் தம் நூலில் விளக்கினார். திண்மமான வளையம் நிலைத்திராது. அது எண்ணற்ற தனித்தனித் துகள்களின் தொகுதியாகவே இருத்தல் வேண்டும் என்று கணிதத்தால் நிறுவிய மேக்ஸ்வெல்லின் நூல் 1859இல் வெளிவந்தது. உட்புறத் துகள்கள் விரைந்தும் வெளிப்புறத் துகள்கள் மெதுவாகவும் சுற்றுவதை 1895இல் கீலர் நிறமாலை கொண்டு மெய்ப்பித்தார்.

துகள்கள் எங்கிருந்து வந்திருக்கக்கூடும்? ஒரு கோளை அளவு மீறி நெருங்கும் சிறுபொருள் அக்கோளின் ஈர்ப்பாலேயே சிதறும் என்று 1848இல் பிரெஞ்சு அறிஞர் ரோஷ் கணக்கிட்டிருந்தார். இவ்விதி புவிக்கும் பொருந்தும்.

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்து ஆண்ட்ரூ டாம்கின்ஸும் உடன் ஆய்வாளரும் 2024இல் வெளியிட்ட கருதுகோள் இங்குதான் வந்து சேர்கிறது. ஆர்டோவிசியன் காலத்தில் விண்கற்கள் மோதி உண்டான 21 பள்ளங்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். கண்டங்களை அன்றைய இடங்களில் வைத்துப் பார்த்தபோது, அனைத்துமே நிலநடுக்கோட்டிலிருந்து 30 பாகைக்குள் அமைந்தன. நாற்றிசையிலிருந்தும் வரும் கற்கள் அவ்வாறு ஒரே பட்டையில் விழுவது அரிது. ஆகவே, ஏறத்தாழ 46.6 கோடி ஆண்டுகளுக்கு முன் புவியை நெருங்கிய சிறுகோள் ஒன்று சிதறி வளையமாகிச் சுற்றியிருக்கலாம், அதன் துணுக்குகளே பின்னர் விழுந்திருக்கலாம் என்பது அவர்கள் துணிபு.

புவியின் அச்சு சாய்ந்திருப்பதால், நிலநடுக்கோட்டுக்கு மேல் நிற்கும் வளையத்தின் நிழல் எப்போதும் குளிர்காலத்தில் உள்ள அரைக்கோளத்தின் மீதே விழும். குளிர் மேலும் மிகும். ஏறத்தாழ 44.5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடும் பனிக்காலம் ஒன்று வந்ததையும், கடல்வாழ் உயிரினங்கள் பெருமளவில் அழிந்ததையும் பாறைகள் காட்டுகின்றன. அக்குளிர்ச்சிக்கு வேறு காரணங்களும் கூறப்படுகின்றன. வளையத்தின் நிழலும் துணை நின்றிருக்கலாம் என்பதே புதிய ஊகம். அது இன்னும் உறுதிப்படவில்லை.

அவ்வளையம் இன்றும் நிலைத்திருந்தால்? இரவுதோறும் புவியின் நிழல் அதன் மீது வளைந்து விழுவதை நம் முன்னோர் கண்டிருப்பர். உலகு உருண்டை என்பதற்கு வேறு சான்று தேடியிரார். விண்மீன்கள் பல அதன் ஒளியில் மங்கியிருக்கும். பயிர்க்காலங்களும் வாழிடங்களும் நிழலை ஒட்டியே அமைந்திருக்கும். அழகிய அவ்வானத்தின் கீழ் நாம் தோன்றியிருப்போமா என்பதே ஐயத்துக்குரியது.